பெருங்குடல் புற்றுநோய்க்குப் பின் நடை: எவ்வளவு, எவ்வாறு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சந்துக்குச் சந்து வெள்ளிப் பட்டறைகள் உண்டு. கொலுசுக்குக் கண்ணி கோப்பதும், அவற்றைப் பற்றவைப்பதும் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்தே செய்யும் வேலைகள். என் தாய்மாமா நாற்பது ஆண்டுகளாக அப்படி உட்கார்ந்து வேலை செய்தவர். 2025 தை மாதத்தில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நோய் கண்ட பகுதியை அறுவை செய்து நீக்கினார்கள். மாசியில் தொடங்கிய கீமோதெரபி ஆடியில் முடிந்தது. அதன் பிறகுதான் எங்கள் குடும்பத்தில் ஒரு விவாதம் தொடங்கியது.

மருத்துவர் "நன்றாக நடமாடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அது எவர் காதிலும் ஏறவில்லை. அத்தை அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. தண்ணீர்த் தம்ளரைக்கூட அவர் எழுந்து எடுக்கக் கூடாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "ஓய்வுதான் மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமாவோ, "தெம்பே இல்ல கண்ணு. மொதல்ல தெம்பு வரட்டும், அப்புறம் நடக்கறேன்" என்றார்.

இதில் எது காரணம், எது விளைவு? தெம்பு வந்தபின் நடையா, நடந்தபின் தெம்பா? வகுப்பில் மாணவர்களிடம் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடாதீர்கள் என்று தினமும் சொல்லும் எனக்கு இக்கேள்வியை விட மனமில்லை. தேடிப் படித்தவற்றையும், வீட்டில் செய்து பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன், பௌதிக ஆசிரியன். ஆகவே மருந்தைப் பற்றி அல்லாமல், அளவைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

முதலில் ஓய்வை எடுத்துக்கொள்வோம். 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அனைவரும் இருபது வயதினர். நோய் எதுவும் இல்லாதவர்கள். கடும் உழைப்பின்போது ஒருவருடைய உடல் நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை அளந்தால் அவருடைய தெம்பு தெரிந்துவிடும். படுக்கையிலிருந்து எழுந்தபோது அந்த அளவு நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது! அதே ஐவரையும் முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு அவர்களுக்குச் செய்த கெடுதலைவிட, மூன்று வாரப் படுக்கை அன்று செய்த கெடுதலே அதிகமாக இருந்தது. இருபது வயது வாலிபனுக்கே இந்தக் கதி என்றால், அறுவையும் ஆறு மாத மருந்தும் கண்ட அறுபது வயதுக்காரர் நிலை என்னவாகும்?

தசை என்பது பயன்படுத்தினால் தேயும் இயந்திரப் பாகம் போன்றதன்று. பயன்படுத்தாவிட்டால்தான் அது தேயும். தசை மெலிந்தால் எழுந்து நிற்பதே பெரிய வேலையாகத் தோன்றும். களைப்பாக இருக்கிறது என்று மேலும் படுத்தால் மேலும் மெலியும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. புற்றுநோயாளியின் களைப்பு எல்லாம் படுக்கையால் வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயில் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக இரத்தம் கசிந்து சோகை ஏற்படுவது உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும்போது நடக்கச் சொன்னால், டீசல் இல்லாத வண்டியைத் தள்ளியது போலத்தான் ஆகும். எனவே முதல் வேலை இரத்தப் பரிசோதனை. மாமாவுக்கும் அதைச் செய்து, மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்கினோம்.

இனி, வீட்டிலேயே செய்யும் பயிற்சியால் இந்நோயாளிகளின் உடல்நலமும் மனநலமும் உயர்கின்றனவா என்று எவரேனும் சோதித்ததுண்டா எனக் காண்போம். கனடா நாட்டின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ரி கூர்னியாவும் அவருடைய குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 102 பேரை, சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் 16 வாரம் வீட்டிலேயே, பெரும்பாலும் நடையாக, உடற்பயிற்சி செய்ய வேண்டும். மற்றவர்கள் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. முடிவு? இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

ஏமாற்றமாக இருக்கிறதல்லவா? காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சும்மா இருக்க வேண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சும்மா இருக்கவில்லை. தாங்களாகவே உடற்பயிற்சி செய்தார்கள். செய்ய வேண்டியவர்களில் நாலில் ஒரு பங்கினர் சரியாகச் செய்யவில்லை. ஒப்பிட வைத்த வெந்நீரும் தண்ணீரும் கலந்துவிட்டால் வெப்பமானி என்ன காட்டும்? பிறகு அவர்கள் வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். எந்தப் பிரிவில் இருந்தாலும் சரி, 16 வாரத்தில் உடல்திறன் கூடியவர்கள், குறைந்தவர்களைவிட நல்ல வாழ்க்கைத் தரத்தைக் காட்டினார்கள். இது உறுதியான சான்று ஆகாது; நலமாக இருந்ததால் நடந்தார்களோ என்ற பழைய கேள்வி மீண்டும் வந்துவிடுகிறது. நேர்மையான ஆய்வாளருக்கு அது தெரியும். கூர்னியாவும் விடவில்லை.

2009-இல் அவரும், கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகப் புற்றுநோய் மருத்துவர் கிறிஸ்டோபர் பூத்தும், பிறரும் சேர்ந்து 'சேலஞ்ச்' என்னும் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அதன் முடிவு 2025 ஜூன் மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. என் மாமா கீமோதெரபியின் கடைசிச் சுற்றுகளில் இருந்த சமயம் அது. 889 நோயாளிகள்; 55 மருத்துவ நிலையங்கள். பெரும்பாலானவை கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவை. எல்லோரும் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்தவர்கள். மூன்றாம் நிலையில் இருந்தவர்கள், அல்லது இரண்டாம் நிலையிலேயே மீண்டும் வரும் ஆபத்து மிகுந்தவர்கள். 445 பேருக்கு மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டம். 444 பேருக்கு நலவாழ்வு பற்றிய அறிவுரைப் புத்தகங்கள் மட்டும்.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல், புதிய புற்றுநோயும் வராமல் இருந்தவர்கள் உடற்பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 80.3, புத்தகப் பிரிவில் 73.9. எட்டாம் ஆண்டில் உயிருடன் இருந்தவர்கள் முறையே 90.3, 83.2. அதாவது நூறு பேரில் ஏழு பேர் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். ஒரு புதிய மருந்து இவ்வளவு செய்திருந்தால் அதன் விலை என்னவாக இருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். படி ஏறுவது, நடப்பது, சுமை எடுப்பது போன்ற அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறனும் உடற்பயிற்சிப் பிரிவினருக்குக் கூடியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தசை, மூட்டு சம்பந்தமான தொல்லைகள் நடந்தவர்களில் 18.5 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 11.5 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. மலக்குடல் புற்றுநோய் உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே உயிர்காக்கும் அந்தக் கணக்கை அப்படியே அவர்களுக்கும் பொருத்திச் சொல்ல முடியாது. நடை அறுவைக்கோ மருந்துக்கோ மாற்றும் அன்று. அவை முடிந்தபின் சேர்ந்த துணை. இன்னொன்றும் உண்டு. நூற்றில் பத்துப் பேர் நடந்தும் எட்டு ஆண்டுக்குள் இறந்தார்கள். நோய் திரும்பியவரைப் பார்த்து "நீ ஒழுங்காக நடக்கவில்லை" என்று சொல்லும் உரிமையை இந்த ஆய்வு எவருக்கும் தரவில்லை.

அது போலவே 1984-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஆண்களின் தொழில்களை ஆராய்ந்தபோது, உட்கார்ந்து செய்யும் தொழிலினருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு, உடல் உழைப்பு மிகுந்த தொழிலினரைவிடக் குறைந்தது 1.6 மடங்கு என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டு மாமாவிடம் பட்டறையைக் குறை சொன்னேன். "நாப்பது வருசம் ஒக்காந்த என் தம்பிக்கு வல்லியே?" என்றார். அவர் கேட்டது நியாயம். கூட்டத்துக்குப் பொருந்தும் விகிதம் தனி மனிதருடைய காரணத்தைச் சொல்லாது.

சரி, எவ்வளவு நடக்க வேண்டும்? அந்த ஆய்வில் குறி வைத்த அளவு, ஏற்கெனவே செய்து வந்ததற்கு மேல் வாரத்துக்கு 10 மெட்-மணி. இந்த 'மெட்' என்ற அலகு பௌதிக மாணவர்களுக்கு இனிக்கக்கூடியது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் உடல் எடையில் கிலோவுக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ கலோரி செலவிடுகிறார். அதுவே 1 மெட். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் மணிக்கு 60 கிலோ கலோரி. ஒரு கிலோ கலோரி சுமார் 4,186 ஜூல்; மணிக்கு 3,600 வினாடி. பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ 70 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒவ்வொருவரும் பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம்! இந்த 70 வாட்டுக்காக உடல் நிமிடத்துக்குச் சுமார் 210 மில்லி லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு தம்ளர்.

விறுவிறுப்பான நடை 4 மெட். அதாவது 280 வாட், நான்கு பல்பு. வாரம் இரண்டரை மணி நேரம் அப்படி நடந்தால் 10 மெட்-மணி ஆகிவிடும். இதை மின்வாரியக் கணக்கில் சொன்னால் 0.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கட்டணம் கட்டும் நமக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவான இந்த ஆற்றல் எவ்வளவு சிறியது என்று தெரியும். அந்த ஆய்வில் இரு பிரிவுக்கும் நடுவே உண்மையில் நிலவிய வேறுபாடு இதைவிடக் குறைவு. வாரத்துக்கு 5 முதல் 7 மெட்-மணி வரைதான். அவ்வளவு சிறிய வேறுபாடு எப்படி நோயைத் தடுக்கிறது? இன்சுலின் அளவு சீராவது, உடலில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி தணிவது, எதிர்ப்பு உயிரணுக்கள் ஊக்கம் பெறுவது என்று பல ஊகங்கள் உள்ளன. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

வேகத்தை வீட்டில் அளப்பது எப்படி? கைக்கடிகாரமே அடி எண்ணிச் சொல்லும் காலம் இது. ஆனால் மாமாவிடம் அது இல்லை. வாங்கித் தந்தாலும் கட்டமாட்டார். நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் அது சுமார் 3 மெட் என்பது பல அளவீடுகளில் கண்ட எளிய விதி. 100 அடி என்றால் ஓர் அடிக்கு 0.6 வினாடி. கலிலியோவின் ஊசல் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 0.6 வினாடி எடுக்கும் ஊசலின் முழு அலைவு நேரம் 1.2 வினாடி. சூத்திரத்தில் போட்டால் நீளம் 36 சென்டிமீட்டர் வருகிறது. நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி, ஆணியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 36 சென்டிமீட்டர் இருக்கும்படி திண்ணைத் தூணில் தொங்க விட்டேன். அது ஆடும்போது ஒவ்வொரு கோடிக்கும் ஓர் அடி. நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் அதற்கேற்பக் கால் மாற்றினால் தாளம் மனத்தில் பதிந்துவிடும். பிறகு தெருவில் ஊசல் தேவையில்லை. வாசகர்கள் செய்து பார்க்கலாம். இந்த வேகத்தில் 10 மெட்-மணிக்கு வாரம் 3 மணி 20 நிமிடம் தேவை. ஆறு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 33 நிமிடம். எண்ணவே பிடிக்காதவர்களுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

தொடக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கணக்குப் போட்ட உற்சாகத்தில் முதல் நாளே மாமாவை லீ பஜார் வரை அழைத்துப் போய்விட்டேன். திரும்பி வரும்போது இரண்டு கடைத் திண்ணைகளில் உட்கார்ந்து வர வேண்டியதாயிற்று. அடுத்த இரண்டு நாள் அவர் எழவில்லை; அத்தை என்னோடு பேசவில்லை. 10 மெட்-மணி என்பது சேரும் இடம். புறப்படும் இடமன்று. கனடாக்காரர்களே அந்த அளவை எட்ட ஆறு மாதம் கொடுத்தார்கள். பிறகு வீட்டுக்குள் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை என்று தொடங்கினோம். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் நிமிடத்தைக் கூட்டினோம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைப் பத்து முறை சேர்த்தோம். தொடைத் தசைக்கு இதைவிட மலிவான பயிற்சி இல்லை. மழை நாளில் கூடத்திலும், வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியிலும் நடை.

இந்நோய்க்கே உரிய சில கவனிப்புகள் இருக்கின்றன. இவற்றைப் பொதுவான உடற்பயிற்சிப் புத்தகங்களில் காண முடியாது.

கீமோதெரபியில் தரும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து பாத நரம்புகளின் முனைகளைப் பாதித்து மரத்துப் போகச் செய்வதுண்டு. மருந்து நின்றபின்னும் பல மாதங்கள் அது நீடிக்கலாம். சேலத்துச் சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல் எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரத்த பாதத்துக்கு அந்தச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். எனவே வெறுங்காலோடு நடப்பதும், வேண்டுதலுக்காக வெறுங்காலோடு கிரிவலம் போவதும் இவர்களுக்கு ஆகாது. காலைப் பிடித்து நிற்கும் செருப்போ காலணியோ வேண்டும். இரவில் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

வயிற்றுச் சுவரைத் திறந்து தைத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 15 லிட்டர் குடத்தைத் தூக்கினால் 15 கிலோவுக்கு மேல். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் எகிறுகிறது. தையல் வலுவடையாத இடத்தில் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் உண்டாகலாம். அறுவைக்குப் பின் முதல் சில வாரங்கள் சுமை கூடவே கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நடைக்கு இந்தத் தடை இல்லை. சிலருக்கு வயிற்றில் துவாரம் அமைத்துப் பை பொருத்தியிருப்பார்கள். அவர்களும் நடக்கலாம், புறப்படும் முன் பையைக் காலி செய்துகொண்டால் மனக்கலக்கம் குறையும். சிறுகுடலிலிருந்தே வெளியேற்றும் துவாரமாக இருந்தால் நீரும் உப்பும் அதிகம் வெளியேறும். அவர்கள் வெயில் நடையைத் தவிர்க்க வேண்டும். எவ்வளவு உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல், நெஞ்சு வலி, தலைசுற்றல், இரத்தப்போக்கு, வயிறு உப்பி வாந்தி எடுத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் நடையை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவையெல்லாம் தெரிந்தபின்னும் தினமும் நடப்பதுதான் கடினம். அந்த ஆய்வில் முதல் ஆறு மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பயிற்சியாளர் ஒருவர் நோயாளியைச் சந்தித்து, கூட நின்று பயிற்சி தந்தார். புத்தகம் மட்டும் பெற்றவர்களுக்கும் "நட" என்ற அறிவுரை கிடைக்கத்தான் செய்தது. ஆகவே வென்றது அறிவுரை அன்று, ஆள் துணை என்பது என் கருத்து. நம் நாட்டில் புற்றுநோய் மருத்துவமனைகளில் இப்படி ஓர் ஆளை நோயாளி வீடு வரை அனுப்பும் வழக்கம் அரிது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே சென்று இயன்முறைப் பயிற்சி தருவதையும் சேர்த்தார்கள். அறுவை செய்துகொண்ட புற்றுநோயாளியைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயங்காமல் கேட்கலாம். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளும் அறிவிக்கப்பட்டன. அவை நலமானவர்களுக்கு. நம் நோயாளியின் முதல் நடைபாதை கட்டிலிலிருந்து கொல்லைப்புறம் வரைதான்.

மாமாவுக்குத் துணை அத்தை. என்னோடு பேசாமல் இருந்த அதே அத்தைதான் இப்போது மாலை ஐந்தரைக்குச் செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறார். "இன்னைக்கு வல்லே" என்று மாமா சொல்லும் நாளில், "சரி, வேண்டாம். நான் மட்டும் போறேன்" என்று தெருவில் இறங்கிவிடுகிறார். பத்தடி போவதற்குள் மாமா பின்னால் வந்துவிடுவார். அவருடைய அடுத்த ஸ்கேன் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. பட்டறையில் வெள்ளி எடை எழுதிய பழைய நோட்டின் பின்பக்கங்களில் இப்போது நடைக் கணக்கு எழுதுகிறார். கார்த்திகை மூன்றாம் வாரம்: ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம், ஆக 7.5 மெட்-மணி. இரண்டு நாள் மழை.